இரண்டு கணினிக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் காப்புப்பிரதி எடுப்பது பற்றி

512 ஜிபி விண்டோஸ் மடிக்கணினி, 256 ஜிபி மேக்புக் இரண்டுக்கும் காப்புப்பிரதி எடுக்க வேகமான 1 டிபி எஸ்எஸ்டியா, மெதுவான 2 டிபி ஹார்ட் டிஸ்க்கா என்று கேட்டிருக்கிறீர்கள். 2 டிபி ஹார்ட் டிஸ்க்கையே வாங்குங்கள். கோப்புகளின் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கக் கணினியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு இடமாவது வேண்டும் என்பதால், இங்கே வேகத்தைவிட இடமே முக்கியம்.

இப்போதுள்ள பழைய டிஸ்க்கில் மேக்கிலிருந்து எதையும் சேமிக்க முடியவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பழுது காரணமாக இருக்காது. அந்த டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும், அதாவது கோப்புகளை அந்த முறைப்படி வைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். மேக் அதைப் படிக்குமே தவிர அதில் எழுதாது. மேக்கில் உள்ள டிஸ்க் யுடிலிட்டி செயலியைத் திறந்து, இடப்பக்கம் அந்த டிஸ்க்கைச் சொடுக்கினால், பெயருக்குக் கீழே ஃபார்மட் தெரியும்.

புதிய டிஸ்க்கை மேக்கில் இரண்டு பார்ட்டிஷன்களாக (தனித்தனிப் பகுதிகளாக) பிரித்து, 600 ஜிபியை மேக்கின் காப்புப்பிரதிச் செயலியான டைம் மெஷினுக்காக ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிள் முறையிலும், மீதியை இரண்டு கணினிகளும் படித்து எழுதக்கூடிய எக்ஸ்ஃபாட் முறையிலும் அமைத்து, பிறகு அந்த மீதியை மட்டும் விண்டோஸில் என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது டிஸ்க்கில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், எதையும் நகலெடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

முதல் நகல் மணிக்கணக்கில் ஓடும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். மெதுவான பழைய வகையான யுஎஸ்பி 2 கேபிளில் 500 ஜிபிக்கு நான்கு மணி நேரம்கூட ஆகும் என்பதால், டிஸ்க்குடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

ஒன்று மட்டும்: டிஸ்க் கை தவறிக் கீழே விழுந்தால் இரண்டு கணினிகளின் நகலும் ஒருசேரப் போய்விடும். குடும்பப் படங்களை மட்டுமாவது வேறோர் இடத்திலும் வைத்திருங்கள்.