பதினோராம் நாளாகியும் கூடு கட்டாத பட்டுப்புழு

கேள்வி: உடுமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் விக்டரி-1 மல்பெரி இருக்கிறது. இந்த முறை டபுள் ஹைபிரிட் 200 முட்டைத் தொகுதி, சாக்கி சென்டரில் (இளம்புழு வளர்த்துத் தரும் இடம்) வாங்கியது. நாலாம் தோலுரிப்பு வரை ஒரு குறையும் இல்லை. கடைசியான ஐந்தாம் பருவத்தின் மூன்றாம் நாள், கடைக்காரர் கொடுத்த எடை கூட்டும் டானிக்கை இலையில் தெளித்துக் கொடுத்தோம். எட்டாம் நாள் கால்வாசிப் புழுதான் நெட்ரிகாவில் (கூடு கட்ட வைக்கும் பிளாஸ்டிக் வலை) ஏறியது. மீதி, இன்று பதினோராம் நாளாகியும் தின்றுகொண்டே இருக்கிறது. சாகவும் இல்லை, கட்டவும் இல்லை. ஒரே ஒரு ஸ்டாண்டில் மட்டும் எல்லாமே ஒழுங்காகக் கட்டிவிட்டது. மேற்கே பக்கத்துக்காரர் மக்காச்சோளத்துக்கு டிரோனில் மருந்து அடித்தார். தென்மேற்கு மூலையை ஒட்டி வேறொருவரின் கத்தரி. கூடு கட்ட வைக்கும் ஹார்மோன் அடித்தால் ஒரே ராத்திரியில் கட்டிவிடும் என்கிறார்கள். எவ்வளவு அடிக்கலாம்? அடுத்த தொகுதிக்கும் பணம் கட்டியாகிவிட்டது.

பதில்: அடிக்காதீர்கள். அந்த ஹார்மோன் பொய்ச் சரக்கு இல்லை. செடிகளிலிருந்து எடுக்கும் எக்டிஸ்டிராய்டு (புழுவைப் பருவம் மாற வைக்கும் ஹார்மோன்) வகை அது. தொகுதியில் அஞ்சு சதவீதம் புழு பழுக்க, அதாவது கூடு கட்டும் பக்குவத்துக்கு வரத் தொடங்கும்போது கொடுத்தால் மீதியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுக்கும், கூலி மிச்சம். பழுக்கத் தயாரான புழுவுக்குத்தான் அது. உங்கள் புழு அந்த நிலைக்கே வரவில்லை. இப்போது அடித்தால் கொஞ்சம் புழு வலை மாதிரி ஒரு கூட்டைப் பின்னும், அங்காடியில் அதை யாரும் தொடமாட்டார்கள்.

முதலில் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். நாலைந்து புழுவின் வயிற்றுக் காலை நகத்தால் கிள்ளுங்கள். பால் போல வெள்ளையாகக் கசிந்தால் அது பால் நோய், கதையே வேறு. தெளிவான நீர் வந்து, புழு பருத்து, குடல் பச்சையாக இலையோடு இருந்தால் மேலே படியுங்கள். பழுத்த புழு வயிற்றைக் காலி செய்யும், கடைசி எச்சம் ஈரமாக விழும், உடம்பு கண்ணாடி போல மஞ்சளடிக்கும், தலையைத் தூக்கி இடம் தேடும். உங்கள் புழுவில் இதில் ஒன்றுகூட இருக்காது.

காரணம், இளமை ஹார்மோன். ஐந்தாம் பருவத்தின் முதல் சில நாட்களில் அது உடம்பிலிருந்து வடிந்தால்தான் புழு கூடு கட்டும் கட்டத்துக்கு நகரும். வெளியிலிருந்து அதே வேலை செய்யும் சரக்கு உள்ளே போனால் புழு புழுவாகவே தின்றுகொண்டிருக்கும். வட இத்தாலியில் பழத்தோட்டத்துக்கு அடித்த பினாக்ஸிகார்ப் என்ற அந்த வகைப் பூச்சிமருந்து காற்றில் வந்து மல்பெரியில் படிந்து, பட்டு வளர்ப்பவர்களை இப்படித்தான் கவிழ்த்தது. நம் ஊரில் அதே குடும்பத்து மருந்து பைரிப்ராக்ஸிபென். வெள்ளை ஈக்காகக் கத்தரியில் அடிப்பது.

அதனால் டிரோன்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். படைப்புழுவுக்கு அடிக்கும் எமாமெக்டின், குளோரான்ட்ரனிலிப்ரோல் இரண்டும் பட்டுப்புழுவுக்குக் கொடிய விஷம்தான். ஆனால் அவை பட்டிருந்தால் புழு தின்பதை நிறுத்தி, துவண்டு, சுருங்கிச் செத்திருக்கும். மூன்று நாள் கூடுதலாகத் தின்றிருக்காது.

மிச்சம் இரண்டு சந்தேகம். ஒன்று கத்தரிக் காடு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி வீசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று உங்கள் கையாலேயே தெளித்த அந்த டானிக். எடை கூட்டும் சரக்குகளில் ஒரு வகை இளமை ஹார்மோன் போலவே வேலை செய்யும். சரியான நாளில், நுண்ணிய அளவில் கொடுத்தால் புழு கொஞ்சம் கூடுதலாகத் தின்று கூடு கனக்கும். அளவு தப்பினால் உங்கள் நிலைமைதான். லேபிளில் உள்ளடக்கம் என்ன, எத்தனை சதவீதம், தயாரிப்பாளர் யார் என்று இருக்கிறதா? இல்லையென்றால் அதை விற்றவருக்கும் உள்ளே என்ன என்று தெரியாது. எடை கூட்ட ஒரு பாட்டில், கட்டாமல் போனால் கட்ட வைக்க இன்னொரு பாட்டில். இரண்டிலும் லாபம் அவருக்குத்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்த ஒரு ஸ்டாண்டு எப்படித் தப்பியது என்பது. நோயென்றால் ஒரு மூலையில் தொடங்கிப் பரவும். மருந்தென்றால் அந்த இலை போன தட்டுகளில் எல்லாம் ஒரே சமயத்தில் தெரியும். அந்த ஸ்டாண்டுக்குக் கிழக்குப் பக்கத்து இலைத் தண்டு போனதா, இல்லை டானிக் தீர்ந்துபோய் விட்டுப்போனதா? தண்டு வெட்டியவர்களைக் கேளுங்கள், விடை அங்கேயே இருக்கிறது. எச்சப் பரிசோதனை வேண்டுமானால் தென்மேற்கு மூலை இலையையும் சில புழுக்களையும் கவரில் கட்டி இன்றே உறைய வையுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம். எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். சும்மா ‘விஷம் இருக்கா பாருங்க’ என்றால் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் பட்டியலில் இது இருக்கும் என்று நம்பமுடியாது.

ஸ்பிரேயரையும் பாருங்கள். காட்டுக்குப் பூச்சிமருந்து அடித்த டேங்கிலேயே பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் புழு மனையைக் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். எத்தனை தடவை அலசினாலும் ஹோஸ் பைப்பிலும் வாஷரிலும் நிற்பது போகாது. மனைக்கும் மல்பெரிக்கும் தனி ஸ்பிரேயர், வேறு நிறத்தில் வாங்கி மனைக்குள்ளேயே பூட்டி வையுங்கள். ஸ்டாண்டுக் காலில் எறும்புப் பவுடர் வேண்டாம், தண்ணீர்க் கிண்ணம் போதும். மனைப் பக்கம் கொசுவத்தியும் கூடாது.

மல்பெரியில் மாவுப்பூச்சி தெரிந்ததும் கடைக்கு ஓடும் பழக்கமும் ஒழிய வேண்டும். நீங்கள் வளர்ப்பதே ஒரு பூச்சி. பூச்சியைக் கொல்லும் மருந்து உங்கள் புழுவையும் கொல்லக்கூடும், காத்திருப்பு நாள் என்று லேபிளில் போட்டிருப்பது உங்கள் காட்டு இலைக்கு உத்தரவாதம் இல்லை. 2008-இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி திருப்பூர், ஈரோடு வரை மல்பெரியைச் சூறையாடியபோது அடிக்காத மருந்தில்லை. மெழுகுக்குள் இருந்த பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, செத்தது அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவி வந்து அதை அடக்கியது. மருந்து அடித்த காட்டில் அந்தக் குளவியும் தங்காது. மாவுப்பூச்சியால் நுனி சுருண்டுபோகும் டுக்ரா வந்தால் நுனியைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், ஏக்கருக்கு 250 கிரிப்டோலேமஸ் பொறிவண்டு விடுங்கள். அதற்கு மேல் ஒரு பாட்டிலும் வேண்டாம்.

இப்போதைய புழுவில் ஏறியதைக் காப்பாற்றுங்கள். மீதிக்கு இனி ஒரு கட்டுத் தண்டுகூட வெட்டாதீர்கள், சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதையுங்கள். அடுத்த தொகுதியை ஒரு அறுவடை தள்ளி வையுங்கள். சாக்கி சென்டரில் தேதி மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தென்மேற்கு மூலையில் பத்து வரிசையை அடியோடு வெட்டி, தண்டை ஆட்டுக்கும் போடாமல் அப்புறப்படுத்துங்கள். புதுத் தண்டு வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் பக்கத்தில் யாராவது புழு வளர்த்தால், நாலாம் தோலுரிப்பு முடிந்த 50 புழு வாங்கி, அந்த மூலைத் துளிர் இலையை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் சோதனை, புழுவை உடனே முடக்கும் வகை மருந்தைத்தான் காட்டும். ஹார்மோன் வகைக்கு எட்டு, ஒன்பது நாள் பொறுத்து, கூடு கட்டுகிறதா என்று பார்த்தே தீரவேண்டும். கட்டினால் மூலை இலையையும் வெட்டலாம். கட்டாவிட்டால் அந்தப் பத்து வரிசையை விட்டுவிட்டு, மீதித் தோட்டத்து இலைக்குத் தகுந்த முட்டைத் தொகுதி மட்டும் வாங்குங்கள்.