11 வயது மகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், ஐந்து நிமிடம் போதும். ஆனால் பல பெற்றோர் கவனிப்பது வேறொன்றை. பிள்ளை கூனிக் குறுகி செல்போன் பார்ப்பதையும், ஒரே தோளில் பையை மாட்டுவதையும் கண்டு பயப்படுகிறார்கள். கூன் போட்டு உட்காருவது பழக்கம், "நிமிர்" என்றால் நிமிர்ந்துவிடும். ஸ்கோலியோசிஸ் அப்படியல்ல. அதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு ஒரு பக்க விலா எலும்புகளைப் பின்னே தள்ளும். நிற்கும்போது இது சரியாகத் தெரியாது, குனிந்தால் மேடாகத் தெரியும். ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-இல் விவரித்த குனியும் சோதனைதான் இன்றும் உலகெங்கும் முதல் படி. புத்தகப் பையால் ஸ்கோலியோசிஸ் வருவதற்கு ஆதாரம் இல்லை. பை உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற இந்திய அரசின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப்பைக் கொள்கை தோள்வலி, முதுகுவலிக்காகப் பின்பற்ற வேண்டியது.

நல்ல வெளிச்சம், சமமான தரை, வெறுங்கால். கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள். முதுகு கழுத்திலிருந்து இடுப்பு வரை திறந்திருக்க வேண்டும். சட்டைக்கு மேலே பார்த்துச் சொல்லும் முடிவுக்கு மதிப்பில்லை. வீட்டில் அம்மா பார்க்கட்டும். பள்ளியில் என்றால் திரை மறைப்பும் பெண் ஊழியரும் கட்டாயம் தேவை, இல்லாவிட்டால் பிள்ளை உடலை இறுக்கிக்கொண்டு சரியாகக் குனியாது.

முதலில் நிற்க வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துகிறதா, கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றா. பிறகு பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், உள்ளங்கைகளை ஒன்றாக வைத்து, தலையைத் தொங்கவிட்டு மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். உங்கள் கண் முதுகின் மட்டத்துக்கு வரும்படி பின்னால் உட்காருங்கள். ஒரே வீச்சில் குனிய விடாதீர்கள். மேல்முதுகு கிடைமட்டமாக வரும்போது ஒரு முறை, நடுமுதுகு வரும்போது ஒரு முறை, இன்னும் குனிந்து இடுப்புப் பகுதி வரும்போது ஒரு முறை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். கீழ் வளைவு தவறிப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி நிறுத்தத்தை விட்டுவிடுவதால்தான்.

ஒரு முழங்கால் லேசாக மடங்கினாலோ, ஒரு கை முந்தினாலோ உடம்பு திரும்பி, இல்லாத மேடு தெரியும். ஒரு கால் குட்டையாக இருந்தாலும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் ஸ்டூலில் உட்கார வைத்துக் குனியச் சொல்லுங்கள். மேடு மறைந்தால் கால் நீளத்தைப் பாருங்கள், மறையாவிட்டால் முதுகெலும்பைப் பாருங்கள்.

கண்ணால் "இருக்கிறது போல" என்று சொல்வதை எண்ணாக்குவது ஸ்கோலியோமீட்டர். 1984-இல் பன்னெல் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் அறிமுகப்படுத்திய கருவி இது. வளைந்த குழாய்க்குள் ஒரு குண்டு உருளும், நடுவில் முதுகெலும்பின் முனைக்கு ஒரு வெட்டு இருக்கும். குனிந்த முதுகில் அழுத்தாமல் குறுக்கே வைத்து, மேடு அதிகமான இடத்தில் படியுங்கள். சாய்வை அளக்கும் செல்போன் செயலியும் உதவும். ஆனால் போனுக்கு நடுவில் வெட்டு இல்லை, எலும்பு முனைமேல் ஆடும். அதனால் இரு கட்டைவிரல்களையும் போனுக்கு அடியில் கொடுத்து, எலும்பு முனை அவற்றுக்கு நடுவே வரும்படி பிடியுங்கள். பிள்ளையை ஒவ்வொரு முறையும் எழுந்து மறுபடி குனிய வைத்து, மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

கருவி காட்டும் சாய்வு 5 பாகைக்குக் கீழ் என்றால் கவலை வேண்டாம். 5, 6 வந்தால் ஆறு மாதத்துக்குள் மறுபடி அளங்கள். 7 அல்லது மேல் என்றால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். பன்னெல் முதலில் 5-ஐத்தான் எல்லையாக வைத்தார். தேவையில்லாமல் பலர் எக்ஸ்ரேக்கு அனுப்பப்பட்டதால் 7 ஆக்கினார். குண்டான பிள்ளைகளிடம் சதை மேட்டை மறைத்து, கருவி குறைவாகக் காட்டும். அவர்களுக்கு 5-ஐயே எல்லையாகக் கொள்வது நல்லது.

இங்கே வயது மிக முக்கியம். பெண் பிள்ளைகளை 10 வயதிலும் 12 வயதிலும், பையன்களை 13 அல்லது 14-இல் ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க எலும்பு, குழந்தை மருத்துவச் சங்கங்கள் பரிந்துரைக்கின்றன. பெண் பிள்ளை மடமடவென உயர்வது பூப்பெய்துவதற்குச் சற்று முன்பு, வளைவு வேகமாகக் கூடுவதும் அப்போதுதான். வளைவு கூடாமலிருக்க உடம்பைச் சுற்றி அணியும் பிரேஸை வளர்ச்சி முடிந்தபின் போட்டுப் பயனில்லை.

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2004-இல் இந்தச் சோதனையே வேண்டாம் என்றது. 2013-இல் வெளியான பிரேஸ் ஆய்வில், அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு எக்ஸ்ரேயில் அளக்கும் வளைவு 50 பாகையைத் தொடாமலே வளர்ச்சி முடிந்தது, அணியாதவர்களில் 48 சதவீதம்தான். நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல். 2018-இல் அந்தக் குழு "வேண்டாம்" என்பதை விட்டு, ஆதாரம் போதவில்லை என்ற இடத்துக்கு வந்தது. என் கருத்தில், அடுத்த கட்டம் இல்லாத பள்ளிச் சோதனை பிள்ளைகளையும் பெற்றோரையும் அலைக்கழிக்கும், அவ்வளவே. ஹாங்காங் 1995 முதல் நடத்துவதுபோல, கருவியில் சந்தேகம் வந்தவர்களை முதுகின் மேடு பள்ளத்தை ஒளிக்கோடுகளாகக் காட்டும் படத்தால் மறுபடி வடிகட்டி, பிறகே எக்ஸ்ரேக்கு அனுப்புவதுதான் சரியான முறை.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் வளைவை அளக்கும் காப் கோணம் 10 பாகையைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரிளம் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு, பெரும்பாலோருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. வளரும் பிள்ளைக்கு 25-ஐத் தாண்டினால் பிரேஸ், 45, 50 என்று போனால் அறுவை பற்றிப் பேசுவார்கள். ஒரே படத்தை இருவர் அளந்தாலே 5 பாகை வரை மாறலாம். ஆகவே 18 அடுத்த முறை 21 ஆனால் கூடிவிட்டது என்று பதறாதீர்கள்.

இரவில் எழுப்பும் வலி, கால் பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை, நெஞ்சுப் பகுதி வளைவு இடப்பக்கம் புடைத்திருத்தல், 10 வயதுக்கு முன்பே தொடங்கிய வளைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

மருத்துவரிடம் போகும்போது நீங்கள் அளந்த எண்கள், கடந்த ஓராண்டு உயரக் குறிப்பு, பூப்பெய்திய மாதம், பழைய படங்கள் எல்லாம் எடுத்துப் போங்கள். எக்ஸ்ரே நின்ற நிலையில், முதுகுப் பக்கமிருந்து கதிர் பாய்ச்சி எடுக்கப்படுமா என்று கேளுங்கள். மார்பகத்துக்கும் தைராய்டுக்கும் கதிர்வீச்சு குறையும். படத்தில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பும் விழ வேண்டும், இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் என்று மருத்துவர் படிப்பது அங்கேதான்.