ராமேஸ்வரம் பக்கம் ஓடும் பழைய மாருதி 800: ஹெட்லைட் மங்கல், பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் எரிகிறது, பேட்டரி இறங்குகிறது. ஒயரிங் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். குறைந்தபட்சம் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து பார்க்கும் வரை வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் கோளாறுகள் மூன்று. ஹெட்லைட் மஞ்சளாக மங்குகிறது. பிரேக் மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து லேசாக எரிகிறது. இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை. முதல் இரண்டும் பெரும்பாலும் எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லாததால் வருபவை. மூன்றாவதற்குக் காரணம் வேறு. அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தனுஷ்கோடி என்று ஓடும் வண்டியில் ஒயர் அறுந்து போவதைவிட, ஒயர் முடியும் இடம் கெட்டுப்போவதே அதிகம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே இல்லாத மாதத்திலும் கப்ளருக்குள் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) இருக்கும் உப்புப் படலம் காய்வதில்லை. செம்பு பச்சை பூக்கிறது, இரும்பு போல்ட் துருவேறுகிறது. உலோக அரிப்பை ஆராய காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் இந்தக் காற்றின் கடுமை புரியும்.

துருவேறிய ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒன்றிலேயே உள்ள ஹெட்லைட் பல்பு) பல்பு இரண்டும் டிம்மில் 55 வாட் வீதம் எரியும்போது 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த ஓர் இணைப்பிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் போய்விடும். பல்புக்குப் போகும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். ஹெட்லைட் மங்கலுக்குக் காரணம் பல்பு என்று நினைத்துப் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஆனால் சோதிக்கும் முறையில் ஒரு பெரிய தவறு வழக்கத்தில் இருக்கிறது. ஹோல்டரைப் பல்பிலிருந்து கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட் காட்டும். ‘சப்ளை சரியாக வருகிறது, பல்புதான் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். கரண்ட் ஓடாதபோது துரு தெரியாது. ஒயரில் நாற்பது இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜ் காட்டும். பல்பு மாட்டி, எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட் போட்ட நிலையிலும், சற்று ரேஸ் கொடுத்தால் 13.5-க்குக் கீழே போகக்கூடாது. 13.8 முதல் 14.4 வரை இருப்பது நல்லது. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது; அது பல்புகளையும் பேட்டரியையும் சேர்த்துத் தின்றுவிடும். 13-க்கு மேல் ஏறவே இல்லையென்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் பெல்ட் தளர்வையும், அதன் பின்னால் பேட்டரிக்கு வரும் தடித்த ஒயரின் நட்டையும் பாருங்கள்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வெள்ளை, பச்சைப் பூப்பை வெந்நீரில் கரைத்த ஆப்பச் சோடாவால் கழுவி (செல் மூடிகளுக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது), நல்ல தண்ணீரால் அலசி, காயவிட்டு, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கத் தேய்த்து இறுக்குங்கள். வாசலின் தடவுவது இறுக்கிய பிறகு, வெளிப்பக்கமாக.

நெகட்டிவ் கேபிள் பாடியில் பிடிக்கும் இடமும், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டையும்தான் அடுத்தவை. மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மற்றொன்றை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதை கெட்டிருக்கிறது. செல்ஃப் அடித்தபின் கிளட்ச் கேபிளோ ஆக்ஸிலரேட்டர் கேபிளோ தொட்டால் சுடுகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். எர்த் பட்டை வேலை செய்யாததால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்புகிறது. பட்டை பார்க்க முழுசாக இருக்கும். வளைத்தால் பொடியாக உதிரும். புதிதாகப் போடுங்கள். பாடியில் லக் (ஒயர் முனையில் நசுக்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு) உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும். பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் அல்லது பெயின்ட் பூசுங்கள்.

இப்போது ஹெட்லைட். எஞ்சின் ஓட, டிம் எரிய, மீட்டர் 20 வோல்ட் டி.சி.யில். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை ஹோல்டரின் பின்பக்கம் சப்ளை வரும் ஒயரில். இங்கே காட்டுவது வழியில் தொலைந்த வோல்டேஜ், 0.5 வரை பரவாயில்லை. அடுத்து எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள், 0.2-க்கு மேல் இருக்கக்கூடாது. எந்தப் பக்கம் அதிகம் என்று தெரிந்துவிட்டால், முனையை ஒவ்வொரு கப்ளராக நகர்த்திக்கொண்டே போங்கள். எண் சட்டென்று மாறும் இடத்தில்தான் கோளாறு. ஒன்றைக் கவனியுங்கள்: சில ஜப்பானிய ஒயரிங்கில் எச்4 பல்பின் பொது முனைக்குப் பாசிட்டிவ் வரும், டிம், பிரைட் மாறுவது எர்த் பக்கத்தில் நடக்கும். எது சப்ளை, எது எர்த் என்று மீட்டரால் உறுதி செய்த பிறகே ஒயரில் கை வையுங்கள்.

எர்த் நன்றாக இருந்து, சப்ளை பக்கம் 1 வோல்ட்டுக்கு மேல் போனால், ஸ்டியரிங்கடி ஸ்விட்சின் காண்டாக்ட் தேய்ந்திருக்கும். ஹெட்லைட் போட்டு பத்து நிமிடம் கழித்து ஸ்விட்சைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். இதற்குச் சரியான மருந்து ரிலே: ஸ்விட்சின் சிறிய கரண்டால் பல்பின் பெரிய கரண்டை இயக்கும் மின்ஸ்விட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயில் எண் போட்டிருக்கும் முனைகளில், 30-ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ், 87-இலிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. எர்த் பக்கம் மாறும் ஒயரிங்கில் இந்த இணைப்பு அப்படியே பொருந்தாது. ரிலேயை முனைகள் கீழ் நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தங்காது. வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போடுவது மோசமான யோசனை. ஹோல்டர் உருகும், ஸ்விட்ச் கருகும். அதோடு ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு மங்கியிருந்தால் எந்தப் பல்பும் உதவாது; லைட்டைத்தான் மாற்ற வேண்டும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிவதற்கு வருவோம். பின்விளக்குப் பெட்டியில் பல பல்புகளுக்கு எர்த் ஒன்றுதான். அது அறுந்தால், 21 வாட் பிரேக் பல்பின் கரண்ட் திரும்பிப் போக வழி தேடி, பக்கத்துப் பல்பின் ஃபிலமென்ட் வழியாக நுழைந்து, வேறெங்காவது எர்த் பிடிக்கும். இரண்டு பல்பும் தொடராக எரிவதால் இரண்டும் மங்கல். சோதனை எளிது: இரு முனையிலும் கிளிப் வைத்த ஒயரின் ஒரு பக்கத்தை விளக்குப் பெட்டியின் எர்த் ஒயரிலும், மறுபக்கத்தைப் பாடியின் சுத்தமான போல்ட்டிலும் மாட்டுங்கள். உடனே சரியானால் எர்த்தேதான். ஹோல்டர் உட்புறத்தை உப்புத்தாள் சுருட்டி விட்டுத் தேயுங்கள். அடியிலுள்ள ஸ்பிரிங் அமுங்கியே கிடந்தால் ஹோல்டரை மாற்றுங்கள்.

எர்த் மாற்றியும் பிரேக் அடிக்கும்போது பார்க் லைட் சேர்ந்து எரிந்தால் பல்பைக் கழற்றிப் பாருங்கள். அங்கே 21/5 வாட், அடியில் இரண்டு புள்ளி உள்ள பல்பு இருக்க வேண்டும். ஒற்றைப் புள்ளிப் பல்பை யாரோ திணித்திருந்தால் இரண்டு முனையும் ஒன்றாகிவிடும். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை அல்லது எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பிளாஷரைக் குறை சொல்ல வேண்டாம்.

பேட்டரி இறங்குவது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளில் பாதியாகிறது என்றால் தொடர்ந்து 0.35 ஆம்பியர் அளவில் ஒழுகுகிறது. 5 வாட் பல்பு ஒன்று எரிந்தால் 0.4 ஆம்பியர். அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்விளக்கையும், துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட கதவு ஸ்விட்சையும். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டுங்கள். அந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் போய்விடும். இவ்வளவு எளிய வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமென்றால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்; எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்தச் சுற்றைத் துழாவுங்கள். எல்லாப் பியூஸையும் எடுத்தும் விழவில்லையென்றால், பேட்டரியில் நேராகப் பிடித்திருக்கும் ஸ்டீரியோ அல்லது ஆல்டர்னேட்டரின் டயோடு. ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி, முனையை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பியூஸ் போகிறது என்று சிகரெட் பெட்டியின் பளபளக்கும் தாளையோ செம்பு இழையையோ சுற்றாதீர்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். இருந்த அளவே போட வேண்டும்.

இணைப்புகளைச் சரிசெய்யும் விதம்தான் இந்தக் கரையில் வேலை நிற்குமா என்பதை முடிவு செய்யும். முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகி, உள்ளே உப்பீரம் தங்கிவிடும். ஒயரை உரித்ததும் இழை கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். சில இடங்களில் நாலைந்து அங்குலம் உள்ளே வரை கறுத்திருக்கும். கறுத்த இழையில் ஈயம் ஒட்டாது. ஒட்ட வைக்க ஆசிட் தொட்டால், அந்த ஆசிட்டே பின்னால் ஒயரைத் தின்னும். ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும் போதும். லக்கைச் சரியான பிளையரால் நசுக்கி, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடாக்கினால், ஓரத்தில் பசை பிதுங்கி வந்து காற்றுப் புகாமல் அடைத்துவிடும். படகுகளுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சிலிகான் அடைப்பதென்றால் வினிகர் வாடை வீசும் வகை வேண்டாம். அதிலிருந்து கசியும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள்.

அரிச்சல்முனை வரை போய் வந்த அன்று, கச்சான் காற்று மணலும் உப்பும் அள்ளி அடிக்கும் மாதங்களில் கட்டாயமாக, அடிப்பாகத்தையும் விளக்குப் பெட்டிகளின் பின்புறத்தையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவுவது உப்பை இன்னும் கொஞ்சம் சேர்ப்பதுதான்.

ஒயரிங் மாற்ற வேண்டிய நிலை உண்மையிலேயே வருவதுண்டு. ஹார்னஸின் (ஒயர்கள் சேர்ந்த கட்டு) நடுவில் இரண்டு மூன்று இடங்களில் உரித்துப் பாருங்கள். அங்கேயும் இழை கறுத்திருந்தால், மேலுறை வளைத்ததும் வெடித்தால், அல்லது ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மாற்றுங்கள். அப்போதும் பெரும்பாலும் எஞ்சின் அறைப் பகுதியை மாற்றினால் போதும். டாஷ்போர்டுக்கு உள்ளே இருப்பதில் உப்பு அவ்வளவாகப் போயிருக்காது. மாற்றச் சொல்லும் எலக்ட்ரீஷியனிடம், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் குறைகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்.