ஒட்டுச்சுவர் வீட்டில் மின் கிட்டார்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) பழுதுபார்ப்பது என் தொழில். வார இறுதியில் கல்யாண பேண்டில் கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் பழகும்போது மின் கிட்டாரை எதில் கேட்பது என்று பலர் எழுதியிருந்தீர்கள். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், 17 வயது): அண்ணா, எங்களுடையது ஒட்டுச்சுவர் வீடு. ஆம்பைப் போட்டாலே பக்கத்து வீட்டு ஆயா சுவரைத் தட்டுகிறார். ஹெட்போனை நேராக கிட்டாரில் செருகினேன், ஒன்றும் கேட்கவில்லை. கிட்டார் பழுதா?

கிட்டாருக்கு ஒன்றும் இல்லை தம்பி. பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி சில ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். தந்தி அதிரும்போது அதில் பிறக்கும் மின்சாரம் மிகச் சின்னது. ஹெட்போனை ஓட்டும் பலம் அதற்கு இல்லை. நடுவில் ஏதாவது ஒரு ஆம்ப் வேண்டும்.

உனக்கு இரண்டு வழி. ஒன்று, வாக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி கிட்டார் ஜாக்கிலேயே செருகும் குட்டி ஹெட்போன் ஆம்ப். இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும். இன்னொன்று, ஹெட்போன் துளை உள்ள சின்ன பயிற்சி ஆம்ப். ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் நின்றுவிடும், ஆயாவும் தூங்குவார். பகலில் ஸ்பீக்கரிலும் கேட்கலாம் என்பதால் நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து நேராக ஹெட்போனுக்கு எடுக்காதே. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஹெட்போன் எதையும் விடாது. அதனால் தேனீக் கூட்டம் காதுக்குள் புகுந்தது போல இருக்கும். ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் போலச் செய்யும் 'கேபினட் சிமுலேஷன்' உள்ள கருவியாகப் பார்த்து வாங்கு.

ஒன்றை மறக்காதே: வால்யூமைச் சுழியத்தில் வைத்துவிட்டுத்தான் ஹெட்போனைக் காதில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு மெல்ல ஏற்று. கேபிளைச் செருகும்போது வரும் 'டப்' சத்தம் ஒன்றே காதுக்குப் போதும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): என்னிடம் விலை உயர்ந்த புளூடூத் ஹெட்போன் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

கூடாது. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன், மற்றவர்களும் படியுங்கள்.

ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டுக்குச் சுமார் 34 செ.மீ. போகும். ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் 9 மில்லி செகண்ட் தாமதம். மேடையில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. சாதாரண புளூடூத் ஹெட்போனில் தாமதம் 150, 200 மில்லி செகண்ட் வரை போகும். 200 என்றால் 68 மீட்டர். கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தின் நடுவில் நின்று நீங்கள் தந்தியை மீட்ட, ஆம்ப் எல்லைக் கோட்டில் இருப்பது போல. பாட்டு கேட்க அது பாதகமில்லை. வாசிக்க முடியாது. கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம் போய்த் தாளம் கெட்டுவிடும்.

ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ போன்றவற்றின் பெட்டியில் புளூடூத் என்று போட்டிருக்கும். அது போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்குவதற்கு. கிட்டாரைக் கேட்க அதிலும் ஒயர் உள்ள ஹெட்போன்தான். பாஸ் வாசா-ஏர் ஒயர் இல்லாமல் வேலை செய்கிறது என்றால், கிட்டார் ஒலிக்கு அது புளூடூத்தை நம்பவில்லை, தனி ரேடியோ இணைப்பு வைத்திருக்கிறது.

கேள்வி (லெனேசியா): லேப்டாப்பின் மைக் துளையில் கிட்டாரைச் செருகினேன். ஒலி மந்தமாக, பின்தங்கி வருகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. மந்தத்துக்குக் காரணம் உள்ளீட்டு மின்தடை. கிட்டார் பிக்கப் சுமார் 1 மெகா ஓம் உள்ளீட்டை எதிர்பார்க்கும். மைக் துளையில் சில கிலோ ஓம்தான் இருக்கும். கூர்மையான ஒலியெல்லாம் அங்கேயே அமுங்கிவிடும். கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ், 'இன்ஸ்ட்' என்று எழுதிய உள்ளீடு கொண்டதாக வாங்குங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போதும். அதிலுள்ள 'இன்ஸ்ட்' பட்டனை அழுத்த மறந்துவிட்டு என்னிடம் பழுது என்று கொண்டு வருகிறவர்கள் நிறைய.

பின்தங்குவது பஃபரால், அதாவது கம்ப்யூட்டர் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைக்கும் அளவால். 44.1 கிலோ ஹெர்ட்ஸில் 1,024 என்று வைத்தால் அது ஒன்றே 23 மில்லி செகண்ட், உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்ந்தால் இரட்டிப்பு. 128க்கு இறக்குங்கள், 3 மில்லி செகண்டுக்கும் கீழே வந்துவிடும். விண்டோஸில் அந்த இன்டர்ஃபேஸுக்கு உரிய ஏஸியோ டிரைவரைப் போடுங்கள். ஆம்ப் மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், தரமும் உயர்ந்தது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அப்பா விட்டுப்போன 50 வாட் வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய் வகை) இருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் பின்பக்கத் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். வால்வு ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடக் கூடாது. சுமை இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறும், சுருள் கருகும். அந்த ஆம்பில் விலை அதிகமான பாகமே அதுதான். அதுவும் அப்பா விட்டுப்போன ஆம்ப்.

ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையை ஏற்கும் 'லோட் பாக்ஸ்' என்று ஒன்று உண்டு. அதிலிருந்து ஹெட்போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ எடுக்கலாம். ஆம்பின் ஓம் எண்ணும் பெட்டியின் ஓம் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், பெட்டி 50 வாட்டுக்கு மேல் தாங்க வேண்டும். இவ்வளவு செலவுக்கு பதில் 5 வாட் வால்வு ஆம்ப் வாங்கலாமே என்று கேட்பீர்கள். 50 வாட் 5 ஆனால் 10 டெசிபல்தான் குறையும், காதுக்கு ஏறத்தாழ பாதிச் சத்தம். 1 வாட்டே ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபலைத் தாண்டும். ஒட்டுச்சுவர் வீட்டுக்கு அதுவும் அதிகம்.

பின்மூடியைத் திறந்தும் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தேங்கி நிற்கும்.

கேள்வி (மெரிபேங்க்): ஹெட்போனில் இடது காதில் மட்டும் கேட்கிறது.

துளை மோனோ, உங்கள் பிளக் ஸ்டீரியோ. மோனோவை இரண்டு காதுக்கும் பிரிக்கும் அடாப்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கேள்வி (டர்பன் நார்த்): புளூடூத் இயர்பட்ஸ் ஹெட்போனை விட வேகமா?

இல்லை. ஃபீனிக்ஸ்காரருக்குச் சொன்னதேதான்.

கேள்வி (இசிபிங்கோ): அமெரிக்காவிலிருந்து மாமா ஆம்ப் கொண்டு வந்தார். நம் மூன்று உருண்டைக் கால் பிளக்கை மாற்றிப் போட்டால் போதுமா?

போதாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஆம்பின் பின்புறம் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். 120 மட்டும் என்றால் அதன் வாட்டைத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றிப் போட்டால் முதல் நாளே புகையும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணா, லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நேரத்தில் இன்வெர்ட்டரில் வாசித்தால் 'ர்ர்ர்' என்று இரைகிறது.

உங்கள் இன்வெர்ட்டர் முழு சைன் அலை தராத மலிவு வகையாக இருக்கலாம். அதன் படிக்கட்டு அலையை ஆம்ப் இரைச்சலாக வாங்கிக்கொள்கிறது. பேட்டரி ஆம்ப் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ரோலண்ட் மைக்ரோ க்யூப் ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், யமஹா டிஎச்ஆர்10 எட்டில் ஓடும். இரண்டிலும் ஹெட்போன் துளை உண்டு. வால்யூம் சுழியம், அப்புறம் ஹெட்போன்.

கேள்வி (வெருலம்): 'ஹம்' சத்தத்தை நிறுத்த பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடச் சொல்கிறார் நண்பர்.

வெட்டாதீர்கள். கிட்டாரின் தந்திகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. ஆம்புக்குள் ஏதாவது பிசகினால் மின்சாரம் போக வேறு வழி இல்லாமல் உங்கள் கை வழியாகப் போகும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடிப்பது அதன் இயல்பு. லைட் டிம்மரை அணையுங்கள், லேப்டாப் சார்ஜரைத் தள்ளி வையுங்கள், உட்காரும் திசையை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (டோங்காட், பெரியவர் ஒருவர்): ஹெட்போனும் வேண்டாம் ஆம்பும் வேண்டாம். எதிலும் செருகாமல் பழகினால்தான் விரல் பலப்படும். நாங்கள் அப்படித்தான் கற்றோம்.

இந்தக் கடிதத்தை நம் வாசகர் குழுவில் போட்டதும் மற்ற கேள்விகள் எல்லாம் கொஞ்ச நேரம் நின்றுபோயின. மெரிபேங்கிலிருந்து இரண்டு பேர் ஐயாவின் பக்கம். லெனேசியாக்காரர் எதிர்ப்பக்கம். என் பதிலும் நீளும்.

ஐயா, நானும் அப்படித்தான் ஒரு வருடம் பழகினேன். முதல் கல்யாண மேடையில் ஆம்பை ஏற்றியதும், நான் தொடாத தந்திகள் எல்லாம் சேர்ந்து முழங்கின. செருகாத கிட்டாரில் அவை எனக்குக் கேட்டதே இல்லை. மின் கிட்டாரில் பாதி வேலை வேண்டாத தந்தியை உள்ளங்கையாலும் விரல் நுனியாலும் அடக்குவது. டிஸ்டார்ஷன் சின்ன ஒலியையும் பெரிதாக்கிக் காட்டும். கேட்காததைத் திருத்த முடியாது. இன்னொரு கெடுதல், சத்தம் போதாமல் ஓங்கி அடிக்கவும், இடது கையில் அழுத்திப் பிடிக்கவும் பழகிவிடுகிறோம். ஃப்ரெட்டில் அதிகம் அழுத்தினால் சுருதி ஏறிவிடும்.

ஐயா மறுபடி எழுதினார்: "ஹெட்போன்காரர்கள் எதிரொலியைப் போட்டுப் பிழையை மூடுகிறார்கள்." அது முழு உண்மை. மெரிபேங்க் நண்பர்கள் சொன்னதும் இதுதான். ரிவெர்ப், டிலே எல்லாம் போட்டால் எந்தக் கையும் நல்ல கையாகத் தெரியும். அதனால் நான் தினமும் முதல் 15 நிமிடம் சுத்தமான ஒலியில், எதுவும் சேர்க்காமல் வாசிக்கிறேன். அப்புறம்தான் மற்றவை.

மூன்றாவது கடிதத்தில், அறையில் ஆம்ப் தரும் அதிர்வு ஹெட்போனில் இல்லை என்றார். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்பீக்கர் ஒலி திரும்பித் தந்தியை அதிரவைத்து ஸ்வரத்தை நீட்டுவது ஹெட்போனில் நடக்காது. சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ் குறைவாகவே கேட்கும் என்று ஃப்ளெச்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். வீட்டில் மெதுவாக வைத்து பேஸை ஏற்றிய அதே அமைப்பை மேடைக்குக் கொண்டுபோனால் குழம்பிய ஒலிதான் வரும். வாரம் ஒரு நாளாவது, பகலில், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் வாசியுங்கள். செருகாமல் வாசிப்பதும் வீண் இல்லை. புது கார்டு, ஸ்கேல் மனப்பாடம் செய்ய நல்லது. கையைச் சோதிக்க அது போதாது, அவ்வளவுதான் என் வாதம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எந்த கிட்டார் வாங்கலாம்?

இங்கே வேண்டாம், கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (ஸ்டாங்கர்): வீணைக்குப் பிக்கப் வைப்பது எப்படி?

எனக்கு வீணை தெரியாது. வீணை வாசிக்கிறவரிடமே கேளுங்கள்.

கேள்வி (உம்சிண்டோ): இரவில் எவ்வளவு நேரம் ஹெட்போனில் வாசிக்கலாம்? புளூடூத்தில்...

புளூடூத் பற்றி இனி எழுத மாட்டேன்.

நேரம் சத்தத்தைப் பொறுத்தது. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2. ஹெட்போனில் எவ்வளவு என்று நம்மால் அளக்க முடியாது. மாட்டியபடியே பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். காதை மூடும் வகை ஹெட்போன் என்றால் இந்தச் சோதனையும் ஏமாற்றும், இன்னும் குறைத்தே வையுங்கள். கழற்றிய பிறகு காதில் மணி ஒலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் பாதி வால்யூமில் தொடங்குங்கள்.

கேள்வி (கிளேர் எஸ்டேட்): மஸ்கந்தி (ஜூலு கிட்டார் இசை) கற்கிறேன். எந்த அமைப்பில் கேட்பது?

நல்ல கேள்வி தங்கச்சி. கட்டைவிரல் பேஸ் வரியும் ஆள்காட்டி விரல் மெட்டும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். சுத்தமான ஒலி, டிஸ்டார்ஷன் வேண்டாம், ரிவெர்ப் துளி. பாட்டுக்கு முன் வரும் இசிஹ்லாபோ ஓட்டத்தைப் பாதி வேகத்தில் போனில் பதிவு செய்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேள். எந்த ஸ்வரம் விழுங்கப்படுகிறது என்று அப்போதுதான் தெரியும். பதிவை அனுப்பினால் நானும் கேட்கிறேன்.