தெரு லைட்டுக்கு கீழ செவ்வந்தி ஏன் பூக்க மாட்டேங்குது?

திண்டுக்கல்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. மொட்டை மாடில பதினோரு தொட்டில செவ்வந்தி வச்சிருக்காங்க, எல்லாமே ஒரே தாய்ச்செடில இருந்து கிள்ளி வச்ச கட்டிங். தண்ணி டேங்குக்கு பின்னாடி இருக்கற நாலு தொட்டில மொட்டு வந்தாச்சு. கைப்பிடிச் சுவரை ஒட்டி இருக்கற ஏழு தொட்டில இலை மட்டும் பச்சைப் பசேல்னு வருது, ஒரு மொட்டு கூட இல்ல. டிஏபி உரம் போட்டாச்சு, வாழைப்பழத் தோல் ஊறப்போட்ட தண்ணி ஊத்தியாச்சு, மாமியார் கண்ணு பட்டுடுச்சுன்னு சொல்லி மிளகாய் சுத்திக்கூட போட்டாச்சாம். கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்காங்க, "சுவருக்கு நேரா இந்த ஆடில புது எல்இடி லைட் போட்டாங்க சார், ராத்திரி மாடில பேப்பரே படிக்கலாம்"னு.

அந்த ஒரு வரில பதில் இருக்குங்க. உங்க செடிக்கு சத்துக்குறை எதுவும் இல்ல, அதுக்கு இன்னும் ராத்திரியே வரல, அவ்வளவுதான்.

செவ்வந்தி (சென்னைப் பக்கம் சாமந்தி) நாள் பார்த்து பூக்கற செடி. நாள்னா பகல் எவ்வளவு நேரம்னு இல்ல, இருட்டு விடாம எவ்வளவு நேரம் இருக்குன்னு அளக்குது. செடி நாள் நீளம் பார்த்து பூக்குதுன்னு 1920ல அமெரிக்காவுல கார்னர், அல்லார்டுனு ரெண்டு பேர் விளக்கமா எழுதினாங்க, அவங்ககிட்ட ஒரு புகையிலை ரகம், கோடை முழுக்க பூக்காம ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துகிட்டே போச்சு, உரம் வெயில் ஈரம்னு எல்லாத்தையும் மாத்திப் பார்த்துட்டு கடைசில சாயங்காலமே ஒரு இருட்டு கொட்டாய்க்குள்ள தள்ளி வச்சாங்க, பூத்துடுச்சு. பகல் குறைஞ்சதாலதான்னு அப்போ நினைச்சாங்க. 1938ல மருளூமத்தைங்கற களைச்செடியை வச்சு பார்த்தப்பதான் தெரிஞ்சது, பகல் நடுவுல கொஞ்ச நேரம் இருட்டாக்கினா செடி கண்டுக்கறதே இல்ல, ஆனா ராத்திரி நடுவுல சில நிமிஷம் வெளிச்சம் காட்டினா போச்சு, பூக்கறதை விட்டுடுது. அதாவது ஒரு நீள ராத்திரி ரெண்டு குட்டி ராத்திரியா உடைஞ்சிடுது.

கண்ணே இல்லாம எப்படி பார்க்குதுன்னா, இலைக்குள்ள பைட்டோகுரோம்னு ஒரு நிறமி இருக்கு. சிவப்பு வெளிச்சம் பட்டா ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டுல மெதுவா பழைய வடிவத்துக்கு திரும்பும். ஒரு மணல் கடிகாரம் மாதிரி வச்சுக்கோங்க, மணல் பூரா இறங்கினாதான் செடி "சரி, ராத்திரி நீண்டுடுச்சு, பூக்கலாம்"னு முடிவு பண்ணும். வெள்ளை எல்இடில சிவப்பும் கலந்துதான் இருக்கு, அது விடிய விடிய அடிச்சா கடிகாரத்தை கவுத்து கவுத்து வைக்கிற மாதிரி. செவ்வந்தில இன்னும் ஒரு படி மேல, வெளிச்சம் பட்ட இலை "பூக்காதே"ன்னு ஒரு புரோட்டீனையே செஞ்சு நுனிக்கு அனுப்புதுன்னு 2013ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், நாள் பார்க்கறது மொட்டு வர்ற நுனி இல்ல, இலை. 1930கள்ல சோவியத்துல சய்லாக்யான்னு ஒருத்தர் இதே செவ்வந்தில நுனிப்பக்க இலையெல்லாம் உருவிட்டு, கீழ் இலைக்கு மட்டும் நீள ராத்திரி குடுத்தார், இலையில்லாத நுனி வெளிச்சத்துலயே இருந்தும் பூத்துச்சு. அதனால மூடும்போது நுனியை மட்டும் மூடி பிரயோஜனம் இல்ல, செடி முழுக்க மூடணும்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. கொடி அவரை, மொச்சையெல்லாம் ஆடில விதைச்சாலும் மார்கழி தைலதான் காய்க்குது, அதுவும் இதே ராத்திரி கணக்குதான். ஜப்பான்ல ஐச்சி பக்கம் வேணும்னே ராத்திரி லைட் போட்டு செவ்வந்தியை பூக்க விடாம நிறுத்தி வச்சு, விலை இருக்கற நேரத்துக்கு பூக்க வைக்கறாங்க. வியட்நாம்ல டிராகன் ஃப்ரூட் தோட்டத்துல நேர் எதிர், அது குறுகின ராத்திரி கேட்கற செடி, அதனால சீசன் இல்லாதப்ப லைட் போட்டு பூக்க வைக்கறாங்க. உங்க தெரு லைட் அந்த ஐச்சிக்காரங்க வேலையை ஓசில பண்ணுது, என்ன, உங்களுக்கு வேண்டாத நேரத்துல.

ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிக்கோங்க. ஏழு தொட்டில ஏதாவது ஒண்ணுல சுவர் பக்கம் இருக்கற கிளையையும், அடுத்த தொட்டியோட நிழல் விழற கிளையையும் பாருங்க. நிழல் பக்க நுனில விரல் வச்சா மிளகு மாதிரி உருண்டையா தட்டுப்படலாம், லைட் பக்கம் வெறும் இலைக்குருத்து மட்டும் இருக்கும். அப்படி இருந்தா சந்தேகமே வேண்டாம்.

சரி, என்ன பண்ணலாம். டேங்குக்கு பின்னாடி இடம் இருந்தா தூக்கி அங்க வச்சிடுங்க, அதுதான் சுலபம், ஆனா பகல் வெயில் அஞ்சாறு மணி நேரமாவது விழணும். இடம் இல்லன்னா கெட்டியான கருப்புத் துணியை ரெண்டா மடிச்சு, நாலு குச்சி நட்டு கூடாரம் மாதிரி சாயங்காலம் ஆறு மணிக்கு மூடி காலைல ஏழுக்கு எடுங்க. கருப்பு பாலிதீன் வேண்டாம், உள்ள புழுங்கும், சூடு ஏறினா மொட்டு தள்ளிப் போகும். ஒரு நாள் மூடி ஒரு நாள் மறந்தா கணக்கு குழம்பிடும், மொட்டுல கலர் எட்டிப் பார்க்கற வரைக்கும் விடாம மூடணும். மூணு வாரத்துல மொட்டு கண்ணுக்கு தெரியும், பூ விரிய ரகத்தைப் பொறுத்து எட்டு பத்து வாரம் ஆகும், இப்ப ஐப்பசி கடைசில ஆரம்பிச்சா பொங்கலை ஒட்டி பார்க்கலாம். நுனி கிள்றதை இன்னிக்கே நிறுத்துங்க, இனிமே கிள்ளினா மொட்டையே கிள்ளுவீங்க. டிஏபியும் போதும்.

அதே லைட்டுக்கு கீழ ரோஜா மட்டும் எப்படி பூக்குதுன்னும் கேட்டிருந்தீங்க. ரோஜா ராத்திரியை எண்ணறதே இல்லைங்க, கிளை விட்டா பூக்கும்.

அப்புறம் மாமியார் துளசி மாடத்துல ஏத்தற விளக்கை நிறுத்தச் சொல்லணுமான்னு ஒரு கேள்வி. வேண்டவே வேண்டாம், அந்த சின்னச் சுடர் வெளிச்சம் செவ்வந்திக்கு ஒரு பொருட்டே இல்ல, தாராளமா ஏத்தட்டும், துணிக்கூடாரத்துல இருந்து ரெண்டடி தள்ளி ஏத்தச் சொல்லுங்க போதும்.