நீலத்திரை வந்ததும் ரேம் வாங்க ஓடாதீர்கள்: கேள்வி பதில்

கேள்வி (ஜெலுத்தோங்): அண்ணே, என்னிடம் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஸ்டிக் இருந்தது. அதே 3600 வேகத்தில் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டேன், ஆனால் பிராண்ட் வேறு. அன்றிலிருந்து கேம் விளையாடினால் விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரைதான். ஒருமுறை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்கிறது, அடுத்த முறை 'பேஜ் ஃபால்ட்' என்கிறது. புது ரேம் கெட்டதா?

பதில்: தம்பி, ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வந்தால் ரேம் பக்கம் சந்தேகப்படலாம், டிரைவர் கோளாறு பெரும்பாலும் ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டும். ஆனால் ரேம் கெட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் 3600 டிடிஆர்4-இன் சாதாரண வேகம் இல்லை. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை ஆன் செய்து, வோல்டேஜை 1.2-இலிருந்து 1.35-க்கு ஏற்றித்தான் அந்த வேகம் கிடைக்கிறது. அதிலும் இரண்டு ஸ்டிக்காக வாங்கியதை இரண்டு ஸ்டிக்காக ஓட்டத்தான் அந்த உத்தரவாதம். நான்கு ஸ்டிக், அதுவும் இரண்டு பிராண்ட் என்றால் சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு வேலை கூடிவிடும். ஸ்டிக் எல்லாம் நல்லதாக இருந்தும் பிழை வரும்.

முதலில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் வழக்கம்போல விளையாடுங்கள். நீலத்திரை வரவில்லை என்றால் 3200-க்கு வைத்துப் பாருங்கள், கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது. எக்ஸ்எம்பி ஆஃபில் இருந்தும் நீலத்திரை வந்தால்தான் ஸ்டிக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் சிபியுவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் ஒரே ஒரு ஸ்டிக்கைப் போட்டுச் சோதியுங்கள், அப்புறம் அதே ஸ்லாட்டில் அடுத்தது. எல்லா ஸ்டிக்கும் அந்த இடத்தில் ஓடி, வேறு ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் கோளாறு போர்டிலோ சிபியு சாக்கெட்டிலோ. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தால்கூட ஒரு பக்கத்து ரேம் காணாமல் போகும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): விண்டோஸில் இருக்கும் மெமரி சோதனை 'பிழை இல்லை' என்கிறது. நம்பலாமா?

பதில்: அது பிழை என்று சொன்னால் நம்புங்கள், இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனைப் புரோகிராம் இலவசம்தான், பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். விண்டோஸ் ஓடாததால் ஏறக்குறைய முழு ரேமையும் அதனால் தொட முடியும். நைட் ஷிஃப்ட் போகும்போது போட்டுவிட்டுப் போங்கள், காலையில் பசியாறிவிட்டு வந்து பார்க்கலாம். ஒரே ஒரு பிழை இருந்தாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு, 'ஒன்றுதானே' என்று விட்டால் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடும். பிழை வந்தால் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் கடைக்குப் போகலாம்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): கடையில் ரேமை அழிரப்பரால் தேய்த்துப் போட்டார், சரியாகிவிட்டது. இரண்டு மாதத்தில் மறுபடி பழைய கதை. நானே தேய்க்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. சரியானது ரப்பரால் இல்லாமல், கழற்றி மாட்டியதால் இருக்கலாம். ரேம் முனையில் இருக்கும் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும், ரப்பர் துகள் வேறு ஸ்லாட்டில் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். வயரைப் பிடுங்கிவிட்டு வேலை பாருங்கள், மாட்டும்போது 'டக்' என்று கேட்கும்வரை இரண்டு முனையையும் அழுத்துங்கள்.

கேள்வி (பிறை): புது ஏஎம்டி ரைசன் 7000 சிபியு, டிடிஆர்5 ரேம். பவர் போட்டால் சில நிமிடம் கறுப்புத் திரைதான். ரேம் செத்துப்போச்சா?

பதில்: சாகவில்லை, பொறுமையாக இருங்கள். முதல் முறை போர்டு ரேமுக்கு ஏற்ற அளவுகளைத் தேடிப் பழகிக்கொள்கிறது, பாதியில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. நான்கு ஸ்டிக் போட நினைத்தால் விட்டுவிடுங்கள். ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக் என்றால் 5200 வரை, நான்கு என்றால் 3600தான். இரண்டு பெரிய ஸ்டிக் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கேள்வி (பட்டர்வொர்த்): கிராபிக்ஸ் கார்டில் 12 ஜிபி இருக்கிறது, ஆனால் கேம் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று மூடிக்கொள்கிறது. சிபியு 13-ஆம் தலைமுறை ஐ9.

பதில்: பிழைச் செய்தியில் மெமரி என்று இருந்தால் மெமரிதான் குற்றவாளி என்றில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்களில் வோல்டேஜ் அளவு மீறிப் போகும் பிரச்சினை 2024-இல் பெரிதாகப் பேசப்பட்டது, இந்தச் செய்திதான் அதன் பிரபலமான அடையாளம். ஆகஸ்டில் திருத்தம் வந்தது, பயாஸைப் புதுப்பித்தால் கிடைக்கும். ஏற்கெனவே தேய்ந்துபோன சிபியுவை அது குணப்படுத்தாது. புதுப்பித்தும் போகவில்லை என்றால் ரசீதைத் தேடி எடுங்கள், இந்தச் சிபியுக்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): நீலத்திரை இல்லை, புரோகிராம் மட்டும் மூடிக்கொள்கிறது. எஸ்எஸ்டி தேயாமல் இருக்க பேஜ் ஃபைலை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பதில்: பேஜ் ஃபைல் என்பது ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம், அது இல்லாவிட்டால் மெமரி தீர்ந்து புரோகிராம் மூடிக்கொள்ளும். அதைத் திரும்ப ஆன் செய்யுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): ஒரு ஸ்டிக் மட்டும் பிழை காட்டுகிறது. அதை மட்டும் கொடுத்து மாற்றலாமா?

பதில்: ஜோடியாக வாங்கியது என்றால் ஜோடியாகவே கொடுங்கள், பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். பல ரேம்களுக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு, அதனால் கடைக்காரர் 'ஒரு வருஷம் முடிஞ்சு போச்சு' என்றால் தயாரிப்பாளரின் தளத்தில் நேராகப் பாருங்கள். மெம்டெஸ்ட் காட்டிய சிவப்புத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழிக்காதீர்கள், சீரியல் எண் அதில்தான் இருக்கிறது.