மரக்கன்று நடுவது மட்டும்தான் வேலையா?

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரியிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. பாப்பா பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். முடித்ததும் ஏதாவது பெரிய கம்பெனியில் சிஎஸ்ஆர், சஸ்டைனபிலிட்டி பக்கம் போகணும் என்கிறாள். உங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. “பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்து கன்று நட்டு, பேனர் பிடித்து போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். வேலிகூடப் போடவில்லை. காட்டெருமை மிதித்துத் தீர்த்துவிட்டது. இந்த வேலைக்கா இவ்வளவு படிப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். நானும் அப்படி நாலைந்து பேனர் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பாப்பா ஒரே மூச்சில் சொல்வது இரண்டு தனித்தனி வேலைகள். சிஎஸ்ஆர் என்பது கம்பெனி தன் மதில் சுவருக்கு வெளியே செலவழிக்கும் பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, வருடத்துக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 1000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ (கடன் போக மிஞ்சும் சொத்து), அதற்கு மேலோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பணத்தை எந்த ஊரில் எதற்குச் செலவிடுவது, செலவிட்டது நின்றதா என்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, படித்தவர்கள். மனிதர்களோடு உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். பாப்பாவுக்கு அதில் நாட்டம் இருந்தால் எந்தப் பட்டம் முடித்தாலும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம், கோவையிலேயே இருக்கிறது.

இன்னொன்று, சஸ்டைனபிலிட்டி என்பது, சுவருக்கு உள்ளே. தண்ணீர், மின்சாரம், விறகு, கழிவு, தொழிலாளி உடம்பு. இது தர்மக் கணக்கில் வராது. சட்டப்படி செய்தே ஆகவேண்டிய கழிவுநீர் சுத்திகரிப்பை ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் செலவாகக் காட்டவும் முடியாது, விதியே அப்படித்தான். வேதியியல் படித்த பெண்ணுக்கு இடம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை உங்களுக்கு நினைவிருக்கும். 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு காயலான் கடையில் கிடந்தது வெளியே வந்தது. தொழிற்சாலையை மூடினார்கள். 2003-ல் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தரப்போடு உடன்பாடு வந்தது 2016-ல்! பதினைந்து வருடம். அந்தக் கண்ணாடி எந்த லாரியில், எத்தனை கிலோ, யாரிடம் போகிறது என்று கேட்டு, பதில் வரும்வரை கையெழுத்துப் போடாமல் நிற்பதற்கு ஒரு ஆள் வேண்டும் இல்லையா? பாப்பா கேட்கும் வேலை அந்த ஆளின் வேலை. சுலபம் என்று சொல்லமாட்டேன். மேனேஜருக்குப் பிடிக்காத கேள்வி கேட்டுத்தான் சம்பளம் வாங்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்பீர்கள். 2022-23 முதல் பங்குச்சந்தையில் மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள கம்பெனிகள் இதையெல்லாம் எண்ணாக எழுதி அறிக்கை தரவேண்டும் என்று, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கிவிட்டது. அவர்கள் தங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களிடமும் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். திருப்பூரில் 2011-ல் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல் சுத்திகரிப்பது அங்கே பிழைப்புக்கே நிபந்தனை ஆகிவிட்டது. அந்தச் சுத்திகரிப்பு ஆய்வகங்களில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பு), சிஓடி (தண்ணீரில் உள்ள மாசின் அளவு) பார்ப்பவர்கள் வேதியியல் படித்த பிள்ளைகள்தான். மலையில் இந்த வேலைகள் குறைவு, அதை மறைக்கவில்லை. முதல் சில வருடம் கீழே இறங்கத்தான் வேண்டும்.

பாப்பாவுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் தேயிலை போடும் ஃபேக்டரியில் உங்களுக்குப் பழக்கம் இருக்குமே, ஒரு மாதக் கணக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள். எத்தனை கிலோ பச்சை இலை வந்தது, எத்தனை கிலோ தூள் ஆனது, கரண்ட் எத்தனை யூனிட், விறகு எத்தனை டன். நாலு, நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை விரட்டத்தான் டிரையரில் அவ்வளவு விறகு எரிகிறது. ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு, எத்தனை யூனிட் என்று பாப்பா வகுத்துப் பார்க்கட்டும். ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு, அதால் பெருக்கட்டும். விறகு கற்பூர மரமா (யூகலிப்டஸ்), வேறு எதுவுமா, எங்கே வெட்டியது என்றும் விசாரிக்கட்டும். மழை மாதத்தில் ஏன் விறகு கூடுகிறது என்று தானாகக் கேட்டாள் என்றால் தைரியமாக அனுப்பலாம். அரை மணி நேரத்தில் கொட்டாவி விட்டால், அதுவும் இப்போதே தெரிவது நல்லது.

படிப்பு? எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு வழி, பாரதியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பட்டம் முடித்ததும் ஒரு சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் இரண்டு வருடம் கையை நனைத்துவிட்டு, அப்புறம் மேலே படிப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ போன்றவற்றுக்கு வேலை அனுபவமும் கேட்பார்கள் என்பதால் அந்த இரண்டு வருடம் வீண்போகாது.

நீங்கள் உறையில் வைத்து அனுப்பிய ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் விளம்பரத்தைப் பார்த்தேன். இதே மாதிரி ஒன்றுக்கு என்னிடம் வந்த ஒரு பையன் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினான். நேர்முகத் தேர்வில் அந்தச் சான்றிதழை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனியே அனுப்பினால் படிக்கலாம், இப்போது வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் குன்னூரில் இருப்பேன். ஃபேக்டரிக் கணக்கு எழுதிய தாளோடு பாப்பாவைக் கூட்டி வாருங்கள். அதுவரை அந்த ஆன்லைன்காரர்கள் போன் செய்து, இன்றே கடைசி நாள் என்று அவசரப்படுத்துவார்கள். பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.